பூனை என்று எழுத வேண்டாம்: குட்டிக் குழந்தைக்குச் சில சொற்களில் ஒரு படக்கதை

குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகிவிட்டால் கதை புரிய ஆரம்பித்துவிடும். உட்கார்ந்து கேட்கத்தான் பொறுமை இருக்காது. பக்கத்துக்கு நாலு வரி இருந்தால், நாம் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அது பக்கத்தைப் புரட்டியிருக்கும். அந்த வயதுக்கு வேண்டியது பக்கத்துக்கு ஒன்றிரண்டு சொல் மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைப் படத்திடம் விட்டுவிடுகிற புத்தகம். அப்படி ஒன்றை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லாதவர்களும், வட்டம் போட்டால் முட்டையாக வருகிறவர்களும் தாராளமாகச் செய்யலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரையத் தெரியாமல் கெட்டுப்போகும் புத்தகங்கள் கொஞ்சம்தான். அதிகம் எழுதிக் கெட்டுப்போகும் புத்தகங்கள்தான் நிறைய. படத்தில் இருப்பதையே எழுத்தும் சொல்லிவிட்டால் குழந்தை கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோசிஸ் வாக்' புத்தகம் இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். ஒரு கோழி நடை போய்விட்டு வீடு திரும்புகிறது, அவ்வளவுதான் கதை. முழுப் புத்தகமும் ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் 32 சொற்கள். படத்திலோ பக்கத்துக்குப் பக்கம் ஒரு நரி பின்னாலேயே வந்து, ஒவ்வொரு தடவையும் எதிலாவது மாட்டிக்கொள்கிறது. எழுத்தில் நரி என்ற பேச்சே இல்லை. வாசிக்கிறவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டது என்று குழந்தை துள்ளுவது அதனால்தான். கீழே நாம் செய்யப்போகும் கதையும் இந்த உத்தியைத்தான் கையில் எடுக்கிறது.

எந்த வயதுக்கு என்று முடிவு செய்யுங்கள்

ஒன்பது மாதக் குழந்தை படத்தில் உள்ள பொருளைக் கையால் பிடித்து எடுக்கப் பார்க்கும். பத்தொன்பது மாதம் ஆகும்போது அதே படத்தை விரல் நீட்டிக் காட்டும். ஜூடி டிலோச்சும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். படம் வேறு, பொருள் வேறு என்று பிடிபட்ட பிறகுதான் படத்தில் கதை நடக்க முடியும். ஆகவே ஒரு வயதுக்குக் கீழே என்றால் கதைக்காகக் கஷ்டப்படவே வேண்டாம். பக்கத்துக்கு ஒரு பொருள், ஒரு பெயர் போதும்.

ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வரை: ஒரே ஒரு நிகழ்ச்சி, ஆறு படம். இரண்டுக்கு மேல் மூன்று வரை: எழுத்தில் சொல்லாத ஒரு குறும்பு படத்தில் ஒளிந்திருக்கலாம், படம் பத்துப் பன்னிரண்டு வரை போகலாம். இந்தக் கட்டுரையில் ஆறு படத்தோடு நிறுத்திக்கொள்வோம். முதல் புத்தகம் சின்னதாக இருப்பது நல்லது, ஏனென்றால் ஒன்றைச் செய்து முடித்தவர்தான் இரண்டாவதைச் செய்வார்.

ஒரே ஒரு நிகழ்ச்சி

கதை என்றதும் நம் மனம் 'ஒரு ஊரில்' என்று ஆரம்பித்துவிடும். அதைப் பிடித்து நிறுத்துங்கள். இந்த வயதுக்கு ஊர் வேண்டாம், குடும்பம் வேண்டாம், நல்லவர் கெட்டவர் வேண்டாம், நீதி சுத்தமாக வேண்டாம். வேண்டியது இவ்வளவுதான்: ஒன்று இருக்கிறது, அதற்கு ஏதோ ஆகிறது, பிறகு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பந்து கட்டிலுக்கடியில் போய்விட்டது, யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு காலில் செருப்பு இருக்கிறது, இன்னொன்றைக் காணோம், நாய் வாயில் இருக்கிறது. இந்த அளவு போதும்.

பொருளைக் குழந்தை தினமும் பார்க்கிற இடத்திலிருந்து எடுங்கள். டிராகனும் மாய அரண்மனையும் நமக்குத்தான் அதிசயம். பந்தையே புதிதாகப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எது உண்மை, எது கற்பனை என்று பிரித்து வியக்கத் தெரியாது. தானாக நகரும் பாத்திரம், திறந்தால் சத்தம் போடும் பெட்டி, இதெல்லாம் அதற்குப் போதுமான அதிசயம்.

நான் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி: தரையில் ஒரு கூடை கவிழ்ந்து கிடக்கிறது. அது தானாக நகர்கிறது. உள்ளே பூனைக்குட்டி.

எழுதுங்கள், அப்புறம் அடியுங்கள்

முதலில் மனசில் வருவதை அப்படியே எழுதிவிடுங்கள். என் முதல் வரைவு இது:

"ஒரு குட்டிப் பூனை விளையாடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு கூடை அதன் மேல் கவிழ்ந்துவிட்டது. வெளியே வர வழி தெரியாமல் பூனை கூடையோடு ஓடியது. கூடை தானாக ஓடுவதைப் பார்த்துப் பாப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். கூடை நாற்காலியில் மோதி நின்றது. பாப்பா மெதுவாகக் கூடையைத் தூக்கிப் பார்த்தது. உள்ளே பூனைக்குட்டி மியாவ் என்றது!"

நான்கு வயதுக்கு இது மோசமில்லை. இரண்டு வயதுக்கு இது பெரிய சுமை. இப்போது சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைப் படம் காட்டிவிடுமா? 'குட்டிப் பூனை' காட்டிவிடும், அடி. 'நாற்காலியில்' காட்டிவிடும், அடி. 'பாப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்', பாப்பாவின் வாய் வட்டமாகத் திறந்திருந்தால் போதும், அடி. 'மெதுவாக', கூடையின் ஓரம் ஒரு விரல் அளவு மட்டும் தூக்கியிருந்தால் அதுவே மெதுவாக, அடி.

இப்படி அடித்துக்கொண்டே போனால் படத்தால் சொல்லவே முடியாத சில விஷயங்கள் மிஞ்சும். எழுத்துக்கு இடம் அங்கேதான்.

முதலாவது, சத்தம். மோதினால் என்ன சத்தம் வந்தது என்று எந்த ஓவியராலும் காட்ட முடியாது. இரண்டாவது, கேள்வி. படம் எதையும் கேட்காது. மூன்றாவது, பெயர். பூனையைக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். அதிகம் தெரியாத 'கூடை'க்குத்தான் பெயர் சொல்ல வேண்டும். நான்காவதைப் பலரும் கவனிப்பதில்லை: 'இல்லை' என்பது. நாற்காலிக்கடியில் பந்து இல்லை என்று வரைந்து பாருங்கள், வெறும் நாற்காலிதான் வரும். 'இங்கே இல்லை' என்று எழுதினால்தான் அது தேடுகிற கதையாக மாறும். தேடும் கதைகள் இந்த வயதில் இவ்வளவு நன்றாக எடுபட இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எழுத்தும் படமும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகப் பிரித்துக்கொள்கின்றன.

அடித்து முடித்ததும் கூடைக் கதை இப்படி நின்றது:

படம் 1: கூடை.
படம் 2: கூடை நகருது!
படம் 3: குடுகுடு குடுகுடு.
படம் 4: டமார்!
படம் 5: உள்ளே... யாரு?
படம் 6: மியாவ்!

ஒன்பது சொல். பூனை என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆனால் முதல் படத்திலிருந்தே கூடைக்கு வெளியே ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ குழந்தை அந்த வாலில் விரல் வைக்கும். அந்த விரலுக்காகத்தான் இத்தனை சொல்லையும் அடித்தோம்.

தமிழில் எழுதும்போது

சொற்களை எண்ணிக் குறைப்பது தமிழில் அவ்வளவு உதவாது. 'ஓடிப்போய்விட்டதாம்' என்பது கணக்குக்கு ஒரே சொல், ஆனால் குழந்தைக்கு அது நீண்ட ரயில். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு மூச்சில், ஒரு தட்டில் முடிகிறதா? 'ஓடிருச்சு' முடிகிறது. அதுதான் அளவுகோல்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்று கேட்பார்கள். மூன்று வயதுக்குக் கீழே பேச்சுத் தமிழ் என்பது என் கட்சி. அந்தக் குழந்தை 'நகர்கிறது' என்று யார் வாயிலும் கேட்டதில்லை. புத்தகத்தில் இருக்கும் சொல் வீட்டில் புழங்கும் சொல்லாக இருந்தால்தான், புத்தகத்தை மூடிய பிறகும் அதைச் சொல்லும். எழுத்துத் தமிழைக் குழந்தை எப்போது பழகும் என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அதற்கு அப்புறம் ஒரு ஆயுள் முழுக்க இருக்கிறது. உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு வழி உண்டு: வினைச்சொல்லே இல்லாமல் எழுதிவிடுங்கள். 'கூடை', 'டமார்', 'மியாவ்' எல்லாம் இரண்டு தமிழுக்கும் பொது.

தமிழில் இந்தக் கதைகளுக்கென்றே சில வசதிகள் இருக்கின்றன. ஒன்று, யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். 'வந்துருச்சு!' என்று மட்டும் எழுதினால் போதும். எது வந்தது என்பதை அடுத்த பக்கத்துக்கு ஒளித்து வைக்கலாம். இன்னொன்று, சொற்களின் வரிசையை மாற்றிப் போடலாம். 'பூனை கூடைக்குள்ளே இருக்கு' என்றால் முதல் சொல்லிலேயே ரகசியம் உடைந்துவிடும். 'கூடைக்குள்ளே இருக்கு...' என்று நிறுத்தி, பக்கத்தைத் திருப்பி, 'பூனை!' என்றால் கதை. எந்தச் சொல் கடைசியில் வர வேண்டும் என்பதைப் பக்கம் திரும்பும் இடம்தான் முடிவு செய்யும்.

'வந்தான்', 'வந்தாள்' என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று தீர்மானித்தாக வேண்டும். 'பாப்பா வந்துச்சு' என்றால் அந்தத் தொல்லை இல்லை, வாசிக்கப்படுகிற எந்தக் குழந்தையும் அதில் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் இரட்டைக்கிளவி. சலசல, தடதட, கிடுகிடு, மினுமினு, பளபள. சத்தத்தையும் அசைவையும் இரண்டசையில் கொடுக்கும் இவ்வளவு பெரிய சொத்தை வைத்துக்கொண்டு 'வேகமாக ஓடியது' என்று எழுதுவது வீண். குழந்தை முதலில் பிடித்துக்கொள்வதும் இவற்றைத்தான். ஆனால் ஒரு புத்தகத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எல்லாப் பக்கத்திலும் சத்தம் வந்தால் எதுவும் கேட்காது.

மாதிரி ஒன்று மடியுங்கள்

நேரே நல்ல அட்டையில் வரைய உட்காராதீர்கள். முதலில் ஒரு ஏ4 தாளில் மாதிரி. தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். அப்புறம் அகலவாக்கில் பாதி, மறுபடி பாதி மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். நீளவாக்கில் ஓடும் நடுமடிப்பில், நடுவே உள்ள இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் கத்தரியால் வெட்டுங்கள். ஓரங்களை வெட்டக் கூடாது. மறுபடி நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்பக்கம் தள்ளினால் வெட்டு விரிந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்தால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். மடித்த நிலையிலேயே பென்சிலால் 1 முதல் 8 வரை பக்க எண் போட்டுவிடுங்கள். பிரித்துப் பார்த்தால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருக்கும், எண் இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

இப்போது ஆறு படத்தையும் எட்டுப் பக்கத்தில் எங்கே வைப்பது? முன்னட்டை 1, பின்னட்டை 8, நடுவில் உள்ள ஆறு பக்கத்தில் ஆறு படம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வைத்துப் பாருங்கள். ஆறாவது, ஏழாவது பக்கங்கள் எதிரெதிரே திறந்து கிடக்கும். 'உள்ளே... யாரு?' என்று கேட்கும்போதே வலது பக்கத்தில் பூனை உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். கதை போச்சு.

அதனால் முதல் படத்தை 2, 3 இரண்டு பக்கத்துக்கும் அகலமாக விரித்து வரையுங்கள். பெரிய தரை, நடுவில் ஒரு கூடை, ஓரத்தில் ஒரு வால். இரண்டாவது படம் 4ஆம் பக்கத்தில், மூன்றாவது 5இல், 'டமார்' 6இல், 'யாரு' 7இல். 'மியாவ்' பின்னட்டைக்கு, அதாவது 8க்குப் போய்விடும். புத்தகத்தைத் திருப்பினால்தான் பூனை தெரியும். கேள்வி எப்போதும் வலது பக்கத்தில், பதில் திருப்பிய பிறகு. மாதிரி மடித்துப் பார்ப்பதே இதைக் கண்டுபிடிக்கத்தான். மேசையில் வரிசையாகப் பரப்பிய தனித் தாள்களில் இது தெரியாது.

மாதிரியில் அழகாக வரைய வேண்டாம், கோட்டுருவம் போதும். அதை வைத்துக்கொண்டு ஒரு பெரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுத்தை மட்டும் கேட்டால் அவருக்கு ஒன்றும் புரியக் கூடாது, படத்தோடு பார்த்தால் எல்லாம் புரிய வேண்டும். எழுத்தை மட்டும் கேட்டே அவருக்குக் கதை புரிந்துவிட்டால் இன்னும் அடிக்க இடம் இருக்கிறது.

படம்

தடித்த கோடு, ஒரே நிறம் நிரப்பிய உருவம், பின்னால் வெறுமை. இது மட்டும் போதும். 1955இல் மிஃபி என்ற முயலை உருவாக்கிய டிக் புரூனா வாழ்நாள் முழுக்க இப்படித்தான் வரைந்தார்: கறுப்புக் கோடு, சில அடிப்படை நிறங்கள், இரண்டு புள்ளிக் கண். முயல் நடந்து போனாலும் முகம் மட்டும் வாசிக்கிற குழந்தையையே நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். கஷ்டப்பட்டுக் கட்டில், ஜன்னல், திரைச்சீலை எல்லாம் வரைந்தீர்கள் என்றால் குழந்தை கூடையை விட்டுவிட்டுத் திரைச்சீலையைப் பற்றிக் கேட்கும்.

கூடையின் நிறம், அளவு, பின்னல் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். மூன்றாவது பக்கத்தில் அது கொஞ்சம் சிவப்பாகிவிட்டால் நமக்கு அதே கூடைதான், குழந்தைக்கு அது வேறொரு கூடையாக இருக்கலாம். ஆளை இடுப்புவரை வெட்டிக் காட்டுவதையும் தவிர்க்கலாம். முழு உருவமே தெளிவு. வலது பக்கம் திருப்புகிற புத்தகத்தில் கூடையும் வலது பக்கமாகவே நகரட்டும், அடுத்த பக்கத்தை அதுவே இழுத்துக்கொண்டு போகும். மோதும் இடத்தில் நாற்காலி வலது ஓரத்தில் நின்றால், அசைவு அங்கே தடுக்கப்படுவது கண்ணுக்கே தெரியும்.

வரையவே வராது என்றால் போட்டோ எடுங்கள். இதை இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம். பதினைந்து, பதினெட்டு மாதக் குழந்தைகள் புத்தகத்தில் பார்த்த புதுப் பொருளை நிஜத்தில் அடையாளம் காண்பது, கேலிச்சித்திரத்தைவிட நிஜம் போன்ற படத்தில் எளிது என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வீட்டுக் கூடை, வீட்டுத் தரை, ஒரு துணிப் பூனை. ஆறு போட்டோ எடுக்க அரைமணி நேரம். தரையில் மட்டும் வேறெதுவும் கிடக்கக் கூடாது.

இழுத்தால் எழும் பூனை, தொட்டால் மெத்தென்ற வால் எல்லாம் ஒட்டலாமா? குழந்தைக்குப் பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் இழுப்பதிலேயே அதன் கவனம் போய்விடும். இழுத்துத் தூக்கும் பகுதிகள் உள்ள புத்தகத்திலிருந்து சின்னக் குழந்தைகள் புதுப் பெயர் கற்பது குறைகிறது என்றும் ஆய்வுகள் உண்டு. நான் ஒட்ட மாட்டேன். பக்கத்தைத் திருப்புவதே அந்த வயதுக்குப் போதுமான வித்தை.

எழுத்தைப் பக்கத்தின் கீழே, எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். அது பெரியவர் கண்ணுக்குத்தான்.

கெட்டி அட்டைப் புத்தகம்

ஒன்றரை வயதில் தாள் கிழியும். அட்டைதான் தாங்கும். பார்சல் பெட்டி அட்டை வேண்டாம், உள்ளே அலையலையாக இருப்பதால் மெல்ல மெல்லப் பிய்ந்துவிடும். புத்தக பைண்டிங்குக்கு வாங்கும் இரண்டு மில்லிமீட்டர் கெட்டி அட்டை சரியாக இருக்கும். 15 சென்டிமீட்டர் சதுரமாக ஏழு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

படங்களை 30க்கு 15 சென்டிமீட்டர் தாள்களில், தாளுக்கு ஒன்றாக வரையுங்கள். மொத்தம் ஆறு தாள். இப்போது ஒவ்வொரு படமும் திறந்த இரண்டு பக்கத்தையும் நிரப்பும், ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு படம், ஆகவே மாதிரியில் பட்ட இடச்சிக்கல் இங்கே வராது. படம் உள்ளே இருக்கும்படி ஒவ்வொரு தாளையும் நடுவில் மடியுங்கள். முக்கியமான எதையும், குறிப்பாகக் கண்ணையும் வாலையும், அந்த நடுமடிப்பில் வரைந்திருக்கக் கூடாது.

ஒட்டும் வரிசை இப்படி: ஒரு அட்டை, அதன் மேல் முதல் தாளின் இடது பாதி முதுகு. முதல் தாளின் வலது பாதி முதுகில் இரண்டாவது அட்டை. அந்த அட்டையின் மறுபக்கத்தில் இரண்டாவது தாளின் இடது பாதி. இப்படியே போனால் ஆறாவது தாளின் வலது பாதியில் ஏழாவது அட்டை வந்து முடியும். முதலும் ஏழாவதும் வெளியட்டைகள். வெள்ளைப் பசையை மெல்லிசாக, ஓரம் வரைக்கும் தடவுங்கள். அதிகமானால் தாள் சுருங்கும். ஒட்டி முடித்ததும் கனமான புத்தகங்களை மேலே ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் முதுகில் துணி டேப் சுற்றினால் வேலை முடிந்தது.

குழந்தை இதைக் கடிக்கும். நிச்சயமாகக் கடிக்கும். அதனால் நாலு மூலையையும் வளைவாக வெட்டிவிடுங்கள். பக்கங்களை அகலமான ஒளிபுகும் டேப்பாலோ ஒட்டும் பிளாஸ்டிக் தாளாலோ மூடுங்கள். ஸ்டேப்ளர் பின், குண்டூசி, பொத்தான், மணி எதுவும் கிட்டே வரக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க அமெரிக்க விதிப்படி 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கிவிடுகிற எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. புத்தகத்திலிருந்து கழன்று வரக்கூடிய எதற்கும் இதே கணக்குதான்.

வாசிப்பது

ஒன்பது சொல்லை ஒரு நிமிடம்கூட ஆகாமல் வாசித்துவிடலாம். அப்படி வாசித்தால் புத்தகம் செய்ததே வீண். ஒவ்வொரு பக்கத்திலும் சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இது மிகவும் கடினம், ஐந்து வினாடி அமைதி நமக்கு யுகமாகத் தெரியும். குழந்தைக்கு அந்த நேரம் வேண்டும்: பார்க்க, கண்டுபிடிக்க, சொல்லைத் தேட.

குழந்தை விரல் வைத்தால் அதைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். 'வா' என்றால், 'ஆமா, வாலு! நீள வாலு!' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். 'இது என்ன? இது என்ன?' என்று கேள்வியாக அடுக்கினால் பரீட்சை ஆகிவிடும், எழுந்து போய்விடும். குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவும் 1988இல் செய்த ஆய்வில், 21 முதல் 35 மாதக் குழந்தைகளின் பெற்றோருக்கு இந்த மாதிரி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்: ஆம், இல்லை என்று முடியாத கேள்வி கேட்பது, குழந்தை சொன்னதைக் கொஞ்சம் விரித்துத் திருப்பிச் சொல்வது. ஒரு மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல வாசித்துக் கேட்ட குழந்தைகளின் பேச்சைவிட முன்னே போயிருந்தது.

வாலைக் குழந்தை கவனிக்கவே இல்லை என்றால்? காட்டிக் கொடுக்காதீர்கள். நாளைக்கோ அடுத்த வாரமோ பார்க்கும். நாம் காட்டிவிட்டால் அது நம்முடைய வால் ஆகிவிடும்.

பக்கத்தைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பும், நடுவில் இரண்டு பக்கம் தாண்டும், 'டமார்' பக்கத்தையே எட்டுத் தடவை திறந்து மூடும். விடுங்கள். அந்தப் பக்கத்துக்குரிய சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டு கூடவே போங்கள். திரும்பத் திரும்ப அதே புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஒரே கதையைத் திரும்ப வாசித்தபோது புதுச் சொற்கள் நன்றாகப் பதிந்தன. அதே சொற்களை அதே எண்ணிக்கையில் வெவ்வேறு கதைகளில் கேட்ட குழந்தைகள் அந்த அளவுக்குக் கற்கவில்லை.

திருத்துவது

புத்தகத்தைக் கொடுத்த முதல் வாரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எந்தப் பக்கத்தை அது வேகமாகத் தாண்டுகிறது? அந்தப் பக்கத்தில் ஒன்று எழுத்து அதிகம், அல்லது படத்தில் ஒன்றும் நடக்கவில்லை. எந்தச் சொல்லை நீங்கள் வாசிக்கும்போது தானாகவே மாற்றிச் சொல்கிறீர்கள்? 'நகருது' என்று எழுதிவிட்டு 'போகுது பாரு' என்று வாசித்தால், உங்கள் வாய்க்கு வந்ததுதான் சரி. அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி மாற்றி எழுதிவிடுங்கள். வீட்டில் செய்த புத்தகத்தில் இந்தச் சுதந்திரம் உண்டு.

ஒட்டுவதற்கு முன்னால் ஆறு படத்தையும் செல்பேசியில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிரியமான பக்கம்தான் முதலில் பிய்யும், அநேகமாக அது 'டமார்' பக்கமாகவே இருக்கும். அச்செடுத்து மேலேயே ஒட்டிவிடலாம்.